ஒத்தைச் செருப்பு வியாபாரம்

அன்பும் அதட்டலும் ஒருசேர வாய்த்த மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் தங்கையும் நலம். அங்கே நீங்களும் உங்கள் குடோனும் அதிலுள்ள மூட்டைகளும் நலமென்று நம்புகிறேன். என் போன் ரிப்பேருக்குப் போயிருப்பதால் கடிதம். தலை போகிற விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் செருப்புக் கடையைக் கேட்ட பேக்கரிக்காரரிடம் கடை கிடையாது என்று சொல்லிவிடுங்கள். உங்கள் குடோனில் எனக்கென்று வைத்திருக்கும் மூட்டை எண்ணும் உத்தியோகத்தையும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மச்சான், பொருளாதாரம் மீண்டுவிட்டது! பேப்பரில் இன்னும் வரவில்லை, என் கடை வாசலுக்கு வந்துவிட்டது.

ஊரடங்கைத் தளர்த்தியதும் ஷட்டரைத் தூக்கி ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பது உங்களுக்கே தெரியும். மாதக்கணக்காக வீட்டுக்குள் கிடந்த ஜனங்களுக்குச் செருப்பு எப்படித் தேயும்? ஆனால் போன் தேய்ந்திருக்கிறது. பக்கத்துக் கடை போன் ரிப்பேர்க்காரரிடம் ஊரே திரண்டுவிட்டது. உள்ளே இரண்டு பேருக்குத்தான் அனுமதி, மற்றவர்கள் இடைவெளிக்காகத் தெருவில் வரைந்த வட்டத்துக்கு ஒருவராக நிற்க வேண்டும். வட்டங்கள் என் வாசலைத் தாண்டித் தெருமுனை வரைக்கும் போயின. வெயிலில் எவ்வளவு நேரம் நிற்பார்கள்? ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் செருப்பைக் கழற்றி வட்டத்தில் வைத்துவிட்டு என் கடை நிழலில் ஒதுங்கினார். அவ்வளவுதான், எல்லோரும் கழற்றிவிட்டார்கள். "அடுத்தது யாரு?" என்று ரிப்பேர்க்காரர் எட்டிப் பார்த்தால் வரிசையில் செருப்புகள் மட்டும் பவ்யமாக நிற்கின்றன!

குப்பை வண்டி வந்து வாத்தியார் செருப்பை அள்ளிக்கொண்டு போனது. அவர்தான் என் முதல் போணி. அடுத்து ஒரு அம்மாள் வந்தாள்.

"ஒத்தைச் செருப்பு கிடைக்குமா?"

"ஜோடியாத்தான்மா குடுப்போம்."

"நான் என்ன போட்டுக்கவா கேக்கறேன்? எனக்குப் பதிலா நிக்கத்தானே!"

மச்சான், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இதுவரை எந்தச் செருப்புக் கடைக்காரனுக்காவது இப்படியொரு கேள்வி வந்திருக்குமா! பாதி விலை என்றேன். பிய்த்துக்கொண்டு போனார்கள்! கணவன் ஒரு வட்டத்துக்கு, மனைவி ஒரு வட்டத்துக்கு, வராத மாமியாருக்கு ஒன்று. திருடு போகாமலிருக்க ஜோடியில் ஒரு காலைத்தானே வெளியே மாட்டிவைப்போம்? மாட்டியதிலிருந்தே உருவிக் கொடுத்தேன். தீரத் தீர உள்ளேயிருந்து எடுத்து மாட்டினேன். நடுவில் வட்டத்தில் நின்ற ஒரே மாதிரிச் செருப்பு யாருடையது என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள், நான் விலக்கப் போனேன், என் சட்டை கிழிந்தது, அந்தச் சந்தோஷத்திலும் நாலு வியாபாரம் நடந்தது. உங்கள் தங்கை மட்டும், "மிச்சக் காலை என்ன பண்ணப் போறீங்க?" என்றாள். "யாவாரத்துல மூக்கை நுழைக்காத" என்று சொல்லிவிட்டேன். உங்கள் குடும்பத்துக்கே முன்னேறுகிறவனைக் கண்டால் ஒரு சந்தேகம்.

எனவே மூட்டை எண்ண இனி நான் வரமாட்டேன். என் கடையில் நான் முதலாளி. அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகள் பெரிய கால்களோடு வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
தலைநிமிர்ந்து நிற்கும் உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வெளியே ஒரே ஆரவாரம். கட்டுப்பாடெல்லாம் முழுசாக நீக்கிவிட்டார்களாம். தெருவில் வட்டங்களைத் தேய்த்து அழிக்கிறார்கள். ஜனங்கள் கைதட்டிக்கொண்டு அவரவருக்கு வேண்டிய கடைக்குள் திமுதிமுவென்று நுழைகிறார்கள். உண்மையாகவே பொருளாதாரம் மீண்டுவிட்டது மச்சான். என் கடைக்குள்ளும் ஒருவர் நுழைந்து ஜோடி கேட்டார். தேடினேன். கடை முழுக்க வலது கால். மாட்டி வைத்ததெல்லாம் இடது கால் என்பது அப்போதுதான் உறைத்தது. பேக்கரிக்காரரிடம் சரியென்று சொல்லிவிடுங்கள். நாளைக்கே குடோனுக்கு வந்துவிடுகிறேன். வரும்போது என் காலைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, அவசரத்தில் என்னுடையதிலும் ஒன்றை விற்றுவிட்டேன்.