ஊசி எங்க போட்ட?

எனக்குச் சர்க்கரை வந்ததில் வெட்கமில்லை. அதை என் மனைவி பச்சையம்மா டப்பா வைத்து ஊருக்கு அறிவித்தாளே, அதில்தான் வெட்கம்.

டாக்டர் இன்சுலின் எழுதிக் கொடுத்த அன்றே, காலி பினாயில் டப்பா ஒன்றைக் கழுவிக் கூடத்து ஜன்னலில் வைத்துவிட்டாள். போட்டுக்கொண்ட ஊசியெல்லாம் அதற்குள்தான் போக வேண்டும். முக்கால் டப்பா ஆனதும் இறுக மூடி, டேப் சுற்றி, ஆஸ்பத்திரியில் கொடுக்க வேண்டும். இது டாக்டர் சொன்னது. டப்பாவின் மேல் 'பரசுராமன் ஊசி, தொடாதே' என்று கொட்டை எழுத்தில் எழுதியது அவளுடைய சொந்தச் சரக்கு.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். இருபது டன்னை அலட்சியமாகத் தூக்கி இறக்குகிறவன். தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் என் வீட்டுக்கு வருகிற தோஸ்துகளெல்லாம் டீ குடித்துக்கொண்டே அந்த எழுத்தைப் படித்தார்கள். ரஷீது மட்டும் வாய்விட்டே கேட்டான்.

"இன்னா மாமு, உன் பேர்ல உண்டியல் வச்சிகீறாங்க?"

அன்றைக்கே சபதம் எடுத்தேன். இனி என் ஊசி ஒன்றுகூட அந்த உண்டியலில் விழாது.

திங்கட்கிழமை ஆரம்பித்தேன். காலையில் ஊசி போட்டுக்கொள்வேன். அதைக் காகிதத்தில் சுருட்டுவேன். எதிர்வீட்டு லோகநாதன் வாசலில் வைத்திருக்கும் குப்பைப் பையில் செருகிவிடுவேன். அடுப்படியிலிருந்து பச்சையம்மா குரல் கொடுப்பாள்.

"ஊசி போட்டியா?"

"போட்டேன்."

பொய்யே இல்லை. இரண்டு அர்த்தத்திலும் போட்டேன். பெண்டாட்டிக்குப் பயந்தவனுக்குத் தமிழைப்போல ஒத்தாசை செய்கிற மொழி கிடையாது என்று பூரித்துப்போனேன்.

புதன்கிழமை எனக்கு வார லீவு. பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. குப்பை எடுக்க வரும் சிவந்தி உட்கார்ந்திருந்தார். விரல் நுனியில் ரத்தம். கான்ட்ராக்ட்காரன் வருஷத்துக்கு ஒரு ஜோடி கையுறை கொடுக்கிறான். அது கிழிந்து பல மாதம் ஆகியிருந்தது.

பச்சையம்மா அவர் கையைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"பையில ஊசி இருந்துச்சிக்கா. யாருதுன்னு தெர்ல. இன்னா சீக்கோ! பாப்பாவுக்கு ஆறு மாசம்தான். நான் பால் குடுக்கலாமா, கூடாதா?"

"ஊசி யாருதுன்னு தெரிஞ்சா அவன் ரத்தத்தப் பாத்து சொல்லிடுவாங்க. தெர்லன்னாதான் பேஜாரு. ஒரு மாசம் மாத்திர துன்னுகினு, மாசக்கணக்குல பயந்து கெடக்கணும்" என்றாள் பச்சையம்மா.

எனக்குள் சுருக்கென்றது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கூடிவிட்ட கூட்டம் லோகநாதனைப் பிடித்துக்கொண்டது. அவன் கையில் துண்டோடு ஓடி வந்து கும்பிட்டான்.

"நான் இல்ல மாமு! ஊசியப் பாத்தாலே எனக்கு மயக்கம் வந்துரும்!"

"போதை ஊசியோ இன்னாவோ, யாரு கண்டா?" என்றேன் நான். அந்த வாயைக் கழுவுகிற பினாயில் இன்னும் கடைக்கு வரவில்லை.

பச்சையம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போனாள். டப்பாவோடு வெளியே வந்தாள்.

"இத்தப் பாரு. மூணு நாளா டப்பா ஏறவே இல்ல. ஊசி போடாம ஏமாத்திகினு கீறியா?"

"போட்டேன்."

"பொய்யி! சக்கர ஏறி நாளைக்கி கால எடுத்தாங்கன்னா, நான் உன்னத் தூக்கிகினு அலையணுமா?"

நாலு பேர் முன்னால் பொய்யன் என்றால் ரோஷம் வராதா?

"சத்தியமா போட்டேன்டி!"

"திங்கக்கெழம எங்க போட்ட?"

"தொடையில."

"நேத்து?"

"வயித்துல."

"இன்னிக்கி?"

"கையில!"

"யார் கையில?"

என் கண் தன்னால் சிவந்தியின் விரலுக்குப் போனது. பச்சையம்மா உள்ளே போனாள். என் சட்டையை எடுத்து வந்து முகத்தில் வீசினாள். லோகநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினான். திட்டியிருந்தால் தேவலை.

ஆட்டோவில் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாதி வழியில் சிவந்தி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லி குடுத்திருந்தா, நானே பத்ரமா வாங்கினு போயிருப்பனேண்ணா."

நான் ஆட்டோ மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சிவந்தி கையிலும் என் கையிலும் ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் சாயங்காலம் பச்சையம்மா என் ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினாள். பயமில்லை, தாராளமாகப் பால் கொடுக்கலாம் என்று அவர் சொல்லிவிட்டார். அங்கிருந்து நேராகச் சிவந்தியின் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார்.

"இன்னாக்கா சொன்னாங்க?"

"ரத்தம் சுத்தமா கீதாம். ஆளுதான் கலீஜு."