மூன்று கிலோ தரித்திரம்

காட்டோரத்து ஊர் மொத்தமும் கிடங்கு வாசலில் வரிசை கட்டி நின்றது. உடம்பிலிருந்து தரித்திரத்தை உருவி எடுக்கும் சாமியார் வந்திருந்தார். உருவியதற்குத் தராசே சாட்சி.

ஊராரிடம் தேனும் பிசினும் வாங்கும் வியாபாரி, பெரிய மனது பண்ணித் தன் மேடைத் தராசைக் கொடுத்து, பக்கத்திலேயே நின்று எடையும் சொன்னார். ஏறினால் நாற்பத்தைந்து. சாமியார் கண்ணை மூடி முணுமுணுப்பார். இப்போது நாற்பத்திரண்டு. மூன்று கிலோ தரித்திரம் போயே போச்சு. எலும்பைத் தவிர இழக்க ஏதுமில்லாத சனம், இன்னும் இளைத்ததற்குக் கை தட்டியது. காணிக்கை, ஆளுக்கு ஒரு மூட்டை பிசின்.

பிசின்காரி ஒருத்தி மட்டும் தன் மூட்டையை விடவில்லை. மழைக்கு முன் கூரைக்குத் தகரம் வாங்க, மூன்று மாதம் மரம் மரமாகச் சுரண்டிச் சேர்த்தது.

"கொடுத்துடுடி. தரித்திரம் போயிட்டா தகரம் என்ன, மாடியே கட்டலாம்" என்றான் புருஷன்.

"மாடி கட்டுற மூஞ்சியைப் பாரு. ஒழுகுற இடத்துல சட்டி வைக்கிறது நான்தானே?"

கிடங்குக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை உருட்டி வந்து தராசில் ஏற்றினாள். இருபது கிலோ.

"சாமி, முதல்ல இதுக்கு எடுங்க."

"கல்லுக்கு ஏதும்மா தரித்திரம்?"

"எங்க ஊர்லதானே கிடக்கு. ஒட்டியிருக்கும்."

வரிசை சிரித்தது. சாமியார் வேறு வழியில்லாமல் முணுமுணுத்தார். முள் பதினேழுக்கு இறங்கியது. அந்தக் கல் என்ன பாவம் பண்ணியதோ.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் வியாபாரியிடம். அவர் நகர்ந்தார். முள் இருபதுக்கு ஏறியது.

"தரித்திரம் திரும்பி வந்துடுச்சு" என்றார் சாமியார். சமயோசிதம்.

வியாபாரி நின்றிருந்த இடத்துச் சாக்கை அவள் விலக்கினாள். அடியில், தராசோடு இணைத்த ஒரு இரும்பு மிதி. புருஷன் குனிந்து தடவிப் பார்த்தான்.

"ஏன் அண்ணே, சாமி வந்தது நேத்து. இது கால் பட்டுப் பட்டு வழவழன்னு தேஞ்சு கிடக்கே?"

சாமியார் நழுவினார். யாரும் துரத்தவில்லை. எல்லாரும் வியாபாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிசின்காரி கல்லை இறக்கிவிட்டு மூட்டையை ஏற்றினாள். "இப்ப எடையைச் சொல்லுங்க அண்ணே. அங்கேயே நின்னுக்கிட்டு."

தலைவிதி என்று இத்தனை வருஷம் அண்ணாந்து பார்த்தீர்களே ஐயா, ஒரே ஒரு தடவை குனிந்து தராசுக்கு அடியில் பார்க்கக் கழுத்தா சுளுக்கியிருந்தது?