பாறையிடுக்கில் சிக்னல் இல்லை

ஒரு காட்டில் ஒரு மலையேற்ற மன்றம் இருந்தது. அந்தக் காட்டில் மலை இல்லை. ஆனால் மன்றத்துக்குத் தலைவர் இருந்தார், மஞ்சள் தொப்பி இருந்தது, வாட்ஸப் குழு இருந்தது. வழிகாட்டியாக ஒரு வெள்ளாடும் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வெள்ளாடு நான்தான்.

ஆடு என்றால் பாறை ஏறும் என்று நம்பி என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நான் வளர்ந்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம். சினிமா போஸ்டரைத் தின்பதற்காகச் சுவரில் முன்னங்கால் வைத்ததுதான் நான் ஏறிய அதிகபட்ச உயரம். இதைச் சொல்லியிருக்கலாம். தொப்பி எனக்கு எடுப்பாக இருந்ததால் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் கடலோரப் பாறையிடுக்குக்குப் போனோம். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவே ஒரு மாட்டுவண்டி அகலத்துக்கு வழி. இரண்டு மணிக்குக் கடல் ஏறி உள்ளே வந்துவிடும். அதற்குள் மேலே ஏறிவிட வேண்டும். ஏறுவதற்கு ஒரே ஒரு பிளவுதான் உண்டு. அது எங்கே என்பது மேப்பில் இருந்தது, மேப் என்னிடம் இருந்தது. பதற்றம் வந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. பதினொரு மணிக்கு ஓரத்தைக் கடித்தேன். பன்னிரண்டரைக்கு முழுவதும் வயிற்றுக்குள் போயிருந்தது.

மன்றத்தில் ஒரு விதி உண்டு. கேள்வியோ குறையோ இருந்தால் நேரில் கேட்கக் கூடாது, குழுவில்தான் போட வேண்டும். போன வருடம் இரண்டு நரிகள் கட்டிப் புரண்டு சண்டை போட்டதில் வந்த விதி. இடுக்குக்குள் சிக்னல் கிடையாது. ஆகவே என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. குனிந்து போனில் எதையோ தட்டிக்கொண்டே பின்னால் வந்தார்கள். எவ்வளவு ஒற்றுமையான மன்றம் என்று பெருமைப்பட்டேன். உள்ளுக்குள் பயத்தில் செத்துக்கொண்டும் இருந்தேன்.

ஒன்றரை மணிக்குத் தண்ணீர் குளம்பைத் தொட்டது. வந்த வழி ஏற்கெனவே மூழ்கியிருந்தது. தலைவர் ஏகாம்பரம், அவர் ஒரு கழுதை, என் பக்கம் வந்து தொண்டையைச் செருமினார். பிறகு விதி ஞாபகம் வந்து போனைத் தட்டினார். முயல் பூங்கோதை தன் குட்டியைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"எல்லாரும் தண்ணி குடிச்சீங்களா?" என்றுதான் வந்தது.

அப்போது ஒரு நண்டு குடும்பத்தோடு பாறையில் போய்க்கொண்டிருந்தது.

"கடல் ஏறுது, இங்க நின்னு என்ன பண்றீங்க?" என்றது. குழுவில் இல்லாத நண்டு, அதனால் நேரிலேயே கேட்டுவிட்டது.

நாங்களும் மேலேதான் போகிறோம் என்று சமாளித்தேன். நண்டு பக்கவாட்டில் நடந்தது. நாங்களும் பக்கவாட்டில் நடந்து, ஒரு பிளவுக்குள் நுழைந்து, முட்டி தேய மேலே வந்து சேர்ந்தோம்.

உச்சியில் சிக்னல் வந்தது. பன்னிரண்டு போனும் ஒரே நேரத்தில் கத்தின. மொத்தம் நாற்பத்தோரு செய்திகள். 'வழிகாட்டிக்கு வழி தெரியுமா?' 'ஆடு எதையோ மெல்லுதே, மேப்பா அது?' 'நாம சாகப் போறோமா?' கடைசிக் கேள்வி தலைவருடையது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. செய்திகள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன. நீக்கிய கையோடு கைதட்டும் பொம்மை போட்டார்கள்.

ஒன்று மட்டும் மிஞ்சியது. பன்னிரண்டே முக்காலுக்குப் போட்டது. 'யாருக்காவது வழி தெரியுமா? அவசரம்.' போட்டவன் நான். அவசரத்தில் என் குளம்புக்கு நீக்கும் பொத்தான் அகப்படவில்லை.

எல்லோரும் படித்தார்கள். ஏகாம்பரம் நெடுநேரம் யோசித்தார்.

"பாத்தீங்களா, அவ்வளவு ஆபத்துலயும் நம்மகிட்ட கருத்து கேட்டிருக்கார்," என்றார்.

அடுத்த வருடத்துக்கும் நானே வழிகாட்டி என்று அங்கேயே முடிவானது. நண்டுக்கு ஒரு நன்றி சொல்லலாமே என்றேன். அது குழுவில் இல்லையே என்றார்கள். எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அது வீடுவரை வந்து சேரவில்லை.

நீதி: வழிகாட்டியாக இருப்பவர் எல்லோரிடமும் கருத்துக் கேட்க வேண்டும், சிக்னல் இல்லாத இடமாகப் பார்த்துக் கேட்க வேண்டும்.