பரீனாட சரீப்

அஸர் தொழுகை முடிந்து வீடுகளில் தேத்தண்ணிக்குக் கேத்தல் ஏறுகிற நேரம். பள்ளிவாசல் ஒலிபெருக்கி செருமிக்கொண்டது.

"அன்பார்ந்த ஜமாஅத்தார்களே, சைக்கிள் திறப்பொண்டு பள்ளியில கண்டெடுக்கப்பட்டிருக்கு. இது பரீனாட சரீப்ட திறப்பு. பரீனாட சரீப் உடனடியா வந்து எடுத்துக்கொள்ளவும்."

இரண்டு தரம் சொன்னார்கள். கிண்ணியா ஊர் முழுக்கக் கேட்டது. காற்று வாட்டமாக அடித்திருந்தால் திருகோணமலைத் துறைமுகத்தில் நங்கூரம் போட்டுக் கிடந்த கப்பல்காரனுக்கும் கேட்டிருக்கும்.

திறப்பின் சொந்தக்காரர் அப்போது நடுத்தெருவில் நின்றார். சாவியைக் காணாமல், பூட்டிய சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி பாதி வழி வந்துவிட்டிருந்தார். ஒலிபெருக்கி சொல்லி முடித்ததும் தெருவில் போன இரண்டு பெண்கள் அவரைப் பார்த்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். சைக்கிளை அங்கேயே தொப்பென்று போட்டார் சரீப்.

சும்மா ஆளா அவர்? துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். வெளிநாட்டுக் கப்டன்மார் "மிஸ்டர் சரீப்" என்று கைகொடுத்துப் பேசிய மனுசன். அப்படிப்பட்டவரைப் போய், பொண்டாட்டியின் சாமான் கணக்கில் சேர்த்து ஊருக்கு வாசித்தால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார் நிப்றாஸ் மைக்கைத் துணியால் மூடிக்கொண்டிருந்தார். சரீப் வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

"என்ன அநியாயம் இது நிப்றாஸ்? நான் என்ன பரீனாட சட்டியா, பரீனாட அகப்பையா?"

"கோவிக்காதீங்க காக்கா," என்று அண்ணன் முறை வைத்துச் சமாதானம் சொன்னார் நிப்றாஸ். "முதல்ல மைக் போடாம சும்மா சரீப் எண்டுதான் சொன்னனான். பள்ளி நிறையச் சரீப் வந்திட்டாங்க."

"திறப்பு ஒண்டுதானே?"

"ஓம். ஆனா ஆளாளுக்குப் போட்டுப் பாக்கணும் எண்டாங்க. ஐஸ் சரீப்ட்டச் சைக்கிளே இல்ல. அவரும் வரிசையில நிண்டாரு."

"அப்ப ஹார்பர் சரீப் எண்டு சொல்லியிருக்கலாமே."

நிப்றாஸ் தாடியைச் சொறிந்து யோசித்தார். "அது யாரு காக்கா?"

சரீப் திறப்பைப் பறித்துக்கொண்டு வெளியேறினார்.

நிப்றாஸைக் குறைசொல்லியும் பயனில்லை. அந்த வட்டாரத்தில் கல்லெறிந்தால் ஒரு சரீப் மேல்தான் விழும். ஐஸ் சரீப், மாஸ்டர் சரீப், கட்டார் சரீப், நண்டு சரீப். கட்டார் சரீப் கட்டாருக்குப் போய் வெயில் தாங்காமல் வந்த வேகத்தில் திரும்பியவர். நண்டு சரீப் ஒரேயொரு மழைக்காலம் வீட்டு வாசலில் நண்டு விற்றார். இப்போது டயர்க்கடை வைத்திருக்கிறார், டயர் வாங்கப் போகிறவனும் நண்டு சரீப்பிடம் போகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறான். இந்த ஊரில் பட்டப்பெயரைத் தானே வைத்துக்கொண்டவர் எவருமில்லை. தெரு வைக்கும். வாசலில் நீங்கள் என்ன செய்யக் கண்டதோ அதை வைக்கும். வைத்தால் வைத்ததுதான், பிறகு செத்தாலும், மையத்து வீட்டிலும் அந்தப் பேர்தான்.

ஆட்கள் மட்டுமென்றாலும் பரவாயில்லை. சரீப் ஹோட்டல் என்று ஒரு தேத்தண்ணிக்கடை, அதன் முதலாளி ஹஸ்மி. சரீப் ஒழுங்கை என்று ஒன்று, அதில் ஒரு சரீப்பும் குடியில்லை. இறங்குதுறையில் சரீப் என்று ஒரு தோணி, தண்ணீர் இறைத்து மாளாது. எல்லாவற்றுக்கும் மேலே பக்கத்து வீட்டு அஸ்ஹானின் கிடா. நண்டு சரீப் வீட்டிலிருந்து வாங்கி வந்த ஆடு என்பதால் அதற்கும் சரீப் என்றே பேர் நிலைத்துவிட்டது. "சரீப், எறங்குடா மதில்லயிருந்து" என்று அஸ்ஹான் கத்தும்போதெல்லாம் இங்கே நம் சரீப் கதிரையை விட்டு அரைவாசி எழும்பிவிடுவார்.

இத்தனை சரீப்புக்கும் ஆளுக்கொரு அடையாளம். அவருக்கு மட்டும் பரீனா. காரணம் வட்டிலப்பம், தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவிக்கிற இனிப்பு. பரீனாவின் வட்டிலப்பம் இல்லாத கலியாணத்தை அந்தப் பக்கத்தில் கலியாணம் என்று சொல்ல யோசிப்பார்கள். மூதூரிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் ஆட்கள் வழி விசாரித்துக்கொண்டு வருவார்கள்.

வீட்டுக்கு வந்தவர் நேரே குசினிக்குள் போனார்.

"இனி ஏலாது புள்ள. எனக்கெண்டு ஒரு பேர் வேணும்."

பரீனா முட்டை அடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "இருக்கிற பேருக்கு என்ன?"

"இருக்கிற பேரை நீ எப்பயாவது சொல்லியிருக்கியா?"

அது அவருடைய பழைய குறை. கலியாணமான நாளிலிருந்து பரீனா அவர் பேரை வாயால் சொன்னதேயில்லை. "இஞ்ச பாருங்க" என்பாள். அரசாங்கக் கந்தோரில் யாராவது புருசன் பேர் கேட்டால் அவருடைய அடையாள அட்டையை நீட்டுவாள். ஊரெல்லாம் ஆட்டைக்கூட அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது, சொல்ல வேண்டிய வாய் மட்டும் சொல்லமாட்டேன் என்கிறது. சரீப்புக்கு இது நெஞ்சில் முள்ளாகத்தான் கிடந்தது.

"புருசன்ட பேரைச் சொல்றது மரியாதையில்ல" என்றாள் பரீனா. "சரி, சொல்லுங்க. என்ன பேர் வேணும்?"

"ஹார்பர் சரீப். கேற்றில பேர் எழுதி ஒரு போட் அடிக்கப் போறன்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்து, அதற்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தார். அவள் சிரிக்கவில்லை.

"நல்ல யோசனைதான். உங்களுக்கெண்டு ஒரு பேர் இல்லாதது எனக்கும் கவலைதான். கலியாண மாதம் முடியிறதுக்குள்ள வந்திரும் பாருங்க. என்ட பேர் அதுல ஒட்டாது. ஆனா ஒண்டு."

"என்ன?"

"வந்த பேரைக் காப்பாத்தணும். பேருக்கேத்த மாதிரி நடக்கணும். பிறகு ஏலாது எண்டு சொல்லப்படாது."

"நானா சொல்லுவன்? வல்லாகி, அல்லா மேல சத்தியம், உசிருள்ள மட்டும் காப்பாத்துவன்."

பரீனா முட்டைச் சட்டியை வைத்துவிட்டு அவரைக் கொஞ்சம் பாசமாகப் பார்த்தாள். "கலியாண வட்டிலப்பத்துக்குத் தேங்காய் திருவ ஆளில்லாமக் கிடக்கு. ஒரு கை—"

"கப்பல் கணக்குப் பாத்த கை புள்ள இது" என்றபடி சரீப் வெளியே போய்விட்டார். இந்தக் கேள்விக்கு வருசக் கணக்காக அவர் சொல்லிவரும் பதில் அது.

போட் வந்தது. நீலத்தில் வெள்ளை எழுத்து: ஹார்பர் சரீப். ஓரத்தில் ஒரு நங்கூரம். முதல் நாளே ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு வந்து கேற்றைத் தட்டி, மூதூர் படகுக்கு டிக்கற் இங்கேயா தருவது என்று கேட்டது. மறுநாள் ஒருவர் நங்கூரம் வாங்க வந்தார். ஆனால் தெரு ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. திரீவீல் ஓட்டுகிற நுஸ்கி போட்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "பரீனாட சரீப் காக்கா, போட் நல்லா இருக்கு" என்றான்.

சரீப்புக்கு அன்று சோறு இறங்கவில்லை. படித்த சமூகமா இது? கண்ணுக்கு நேரே எழுதி வைத்தாலும் விளங்காதா?

பரீனாதான் ஆறுதல் சொன்னாள்.

"போட் மட்டும் தொங்கினா யாருக்கு விளங்கும்? ஆளும் அதுக்குக் கீழ இருந்தாத்தானே முகத்தையும் பேரையும் சேத்துப் பாப்பாங்க."

கேட்டவுடனே நியாயமாகப் பட்டது. சரீப் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு கேற்றடியில் கதிரை போட்டு அமர்ந்தார்.

"என்ன காக்கா, வெளிய இருக்கீங்க? வீட்டில பரீனா ராத்தா இல்லையா?" என்றான் முதலில் போனவன்.

"திறப்பு திரும்பவும் துலைஞ்சிட்டா?" என்றான் அடுத்தவன்.

நுஸ்கி திரீவீலை நிறுத்தி இறங்கியே வந்துவிட்டான். குரலைத் தாழ்த்தினான். "ராத்தாவோட ஏதும் பிரச்சினையா காக்கா? நான் வேணுமெண்டா கதைச்சிப் பாக்கட்டா?"

உள்ளே வந்தவரின் முகம் சிவந்திருந்தது. "பாத்தியா உன்ட ஊரை? நான் என்ட வாசலில இருக்கிறதுக்கும் நீ அனுமதி தரணுமாம்."

"சும்மா இருந்தா அப்பிடித்தான் கேப்பாங்க" என்றாள் பரீனா. "கையில ஒரு வேலை இருந்தா எவனும் கேக்கமாட்டான். ஹார்பர்ல நீங்க சும்மாவா இருந்தீங்க?"

"இல்ல."

"அதான். இந்தாங்க."

தேங்காய் திருவலையைக் கொண்டுவந்து போட்டின் நேர் கீழே வைத்தாள். சரீப் அதைப் பார்த்தார். கப்பல் கணக்குப் பாத்த கை என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவள் சொன்னாள்:

"குசினிக்குள்ள வரவேணாம். உங்களுக்கு அது மரியாதையில்ல. வெளிய, போட்டுக்குக் கீழ. வேலைக்காக இல்ல, பேருக்காக."

பேருக்காக என்றதும் சரீப் இறங்கிவிட்டார். திருவலைப் பலகையில் குந்தி ஒரு தேங்காய்ப் பாதியை எடுத்தார். முதல் தேங்காயில் பூவைவிட அவருடைய விரல்தான் அதிகம் திருவுப்பட்டது. இரண்டாவதில் சிரட்டையும் சேர்ந்து வந்தது. பரீனா பிளாஸ்டர் ஒட்டிவிட்டாள்.

அவள் சொன்னது உண்மையாகத்தான் போயிற்று. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நின்று பார்த்தார்கள். நாளாக நாளாகக் கை பழகியது. ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிற நுட்பம் பிடிபட்டது. கறுப்பு விழாமல் பஞ்சாக விழுந்தது தேங்காய்ப்பூ. அதைப் பார்க்கச் சரீப்புக்கே ஒரு பெருமை. நின்று பார்த்தவர்களுக்கு வகுப்பும் எடுக்கத் தொடங்கினார். "அமத்தப்படாது தம்பி. தேங்காய்தான் சுத்தணும், கை சுத்தப்படாது." மாஸ்டர் சரீப்பே ஒருநாள் தன் தேங்காயைக் கொண்டுவந்து காட்டிக் கேட்டுப் போனார். ஹார்பர் சரீப்புக்கு ஊர் பணிந்துவிட்டது என்று அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார்.

ஒரே ஒரு தொல்லை அந்த ஆடு. பாலெடுத்த சக்கைக்கு மதில் தாண்டி வந்து அவருக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. விரட்டினால் போட்டை நக்கியது. கடைசியில் பரீனா ஒரு தாச்சி வட்டிலப்பத்துக்கு அதை அஸ்ஹானிடமிருந்து வாங்கியே விட்டாள்.

"அந்தப் பேரோட இந்த வீட்டுக்குள்ள அது வரப்படாது" என்றார் சரீப். "வேற பேர் வை."

"வாயில்லாச் சீவன். அதுட்டப் போய்ப் பேரைப் பறிக்கிறதா?" என்றாள் பரீனா.

கலியாண மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. அஸர் முடிந்த நேரம். சரீப் போட்டுக்குக் கீழே குந்தியிருந்தார், வாசலில் வழக்கமான கூட்டம். ஒலிபெருக்கி செருமியது.

"அன்பார்ந்த ஜமாஅத்தார்களே, சைக்கிள் திறப்பொண்டு பள்ளியில இருக்கு. திருவலை சரீப் வந்து எடுத்துக்கொள்ளவும்."

சரீப் கையை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "கேட்டீங்களா? திருவலை சரீப்பாம். எந்தப் பாவிக்குடா இந்தப் பேர் விழுந்தது?"

நுஸ்கி நிலத்தைப் பார்த்தான். எல்லாருடைய கண்ணும் திருவலைக்குப் போய், அங்கிருந்து மெதுவாக அவர் முகத்துக்கு வந்தது. சரீப் மடியைத் தடவினார். திறப்பு இல்லை.

உள்ளேயிருந்து பரீனா ஒரு சாக்குத் தேங்காயை இழுத்துக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் வைத்தாள்.

"என்ட பேர் ஒட்டல்ல பாத்தீங்களா?" என்றாள். "வல்லாகி எண்டு சொன்னீங்க. உசிருள்ள மட்டும்."

சரீப் எழுந்து பள்ளிவாசலுக்கு நடந்தார். நடையில் கோபம் இருந்தது. வாசலை அடைந்தபோது கெஞ்சல்தான் மிஞ்சியிருந்தது.

"நிப்றாஸ், இந்தத் திறப்பு எப்பிடி உங்கட கைக்கு வந்தது?"

"ராத்தாதான் நுஸ்கிட்டக் குடுத்தனுப்பினா. எந்தச் சரீப் எண்டு போன்ல ராத்தாட்டக் கேட்டன். தெருவில எப்பிடிச் சொல்றாங்களோ அப்பிடியே சொல்லுங்க எண்டா."

சரீப் தூணைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நடந்தது நடந்திட்டு. இனி பழையபடியே சொல்லுங்க. பரீனாட சரீப் எண்டே சொல்லுங்க. நான் கோவிக்கமாட்டன்."

நிப்றாஸ் சங்கடப்பட்டார். "அது ஏலாது காக்கா."

"ஏன் ஏலாது?"

"நேத்து உங்கட ஆடு காணாமப் போனதெல்லோ. பரீனாட சரீப்பைக் கண்டவங்க கயித்தில கட்டி அனுப்புங்க எண்டு மைக்கில சொன்னனான். நீங்க கேக்கல்லையா?"

கேட்கவில்லை. திருவுகிற சத்தத்தில் கேட்டிருக்காது.

"இப்ப அந்தப் பேர் எண்டா ஊருக்கு ஆடுதான் ஞாபகம் வரும்" என்றார் நிப்றாஸ். "திரும்பக் குழப்பாதீங்க காக்கா. எனக்குத்தான் கஷ்டம்."

சரீப் திறப்பை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். ஹார்பரும் போயிற்று, பரீனாவும் போயிற்று. இத்தனை கப்பலை அனுப்பிவைத்த மனுசனுக்கு மிஞ்சியது ஒரு திருவலை. அழுகை வரும்போல இருந்தது. அவர் கேற்றைத் திறந்தபோது குசினி வாசலில் பரீனா நின்றாள். முகத்தில் அப்படியொரு கனிவு. கையை நீட்டினாள்.

"சரீப், வா ராசா."

சரீப் கேற்றடியிலேயே நின்றுவிட்டார். கலியாணமாகி இத்தனை வருசத்தில் முதல்முறை. மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது, அந்த வாயிலிருந்து அவர் பேர் வந்துவிட்டது. போட்டும் வேண்டாம், ஹார்பரும் வேண்டாம். கண் கலங்க ஒரு அடி எடுத்து வைத்தார்.

பின்னாலிருந்து வந்த ஆடு அவரை இடித்துக்கொண்டு முன்னால் போனது.