சத்தம் போடாத பெட்டி

“எழுதி வெச்சுக்கோங்க. நம்ம தாண்டவராயன் ஒரு நாள் என் வூட்டு வாசல்ல வந்து நின்னு, ‘ஜெபம், அந்தப் பொட்டியைப் போடுப்பா’ன்னு கெஞ்சப் போறான்” என்றார் ஜெபதாஸ்.

டீக்கடை பெஞ்சில் ஒருவருக்குப் புரையேறியது. இன்னொருவர் கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு நிதானமாகச் சிரித்தார். சேரப்பணஞ்சேரியில் இதைவிட நம்பக்கூடிய சேதிகள் எத்தனையோ உண்டு. ஏரி எழுந்து நடந்து ஒரகடத்துக்குப் போய்விட்டது என்று சொன்னால்கூட, ‘இருக்கும், பிளாட் போட்டிருப்பாங்க’ என்று தலையாட்டுவார்கள். ஆனால் தாண்டவராயன் கெஞ்சுவதா? தாலியைக் கையில் கொடுத்தபோதே ‘இப்ப இன்னா அவசரம்’ என்று ஐயரை மடக்கிய மனிதர் அவர்.

எதிர் பெஞ்சில் இருந்த தாண்டவராயன் டீயை ஒரு ஆற்று ஆற்றினார்.

“நானு? உன்னாண்ட? அதுக்கு முன்னால அந்தப் பொட்டி உன்னைக் கெஞ்ச வெக்கும். பாத்துக்கினே இரு.”

ஜெபதாஸ் ஆசைப்பட்ட அந்தப் பெட்டியை, டி.வி.யோடு மாட்டிப் படம் பார்க்கும் ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டரை, ஏன் வாங்கக் கூடாது என்பதற்கு அவரிடம் டீ ஆறித் தண்ணீராகும் வரைக்கும் காரணம் இருந்தது. டி.வி.யிலேயே எல்லாப் படமும் வரும்போது தனியாக ஒரு பெட்டி எதற்கு? ஹாலில் கீபோர்டும் மவுஸுமாக உட்கார்ந்தால் அது வீடா, ஆபீஸா? வில்லன் கத்தியை ஓங்குகிற நேரம் பார்த்து, அப்டேட் ஆகிறது, அணைக்காதே என்று நீலமாக ஒன்று வந்து நிற்கும். வயர் காலைத் தடுக்கும், கரண்ட் பில் கழுத்தைப் பிடிக்கும். ரிப்பேர் ஆனால் கடைக்காரன் பார்ட்ஸ் செய்தவனைக் கைகாட்டுவான், அவன் நம் தலையெழுத்தைக் கைகாட்டுவான். இத்தனைக்கும் மேலே சத்தம். உள்ளே சுற்றுகிற ஃபேன்கள் போடும் இரைச்சலில் கதாநாயகி அழுகிறாளா, சிரிக்கிறாளா என்றே தெரியாது.

“முப்பது வருசமா பிரஸ் ஷாப்ல கேட்ட சத்தம் பத்தலியா உனக்கு?” என்று முடித்தார்.

கார் கம்பெனி ஒன்றின் பிரஸ் ஷாப்பில் இருவரும் பக்கத்துப் பக்கத்து மிஷினில் தகடு அடித்தவர்கள். ஒரே நாளில் ரிட்டயர் ஆகி, ஒரே அளவு மாலையோடு வந்தவர்கள். வீடு கட்டும்போதும் செங்கல் மிச்சம் என்று நடுச்சுவரை ஒன்றாகவே எழுப்பிக்கொண்டார்கள். அதற்கு எந்தப் பக்கம் முதலில் பூசுவது என்ற சண்டை இன்னும் தீரவில்லை. ரிட்டயர் ஆனபிறகு ஜெபதாஸ் வீட்டோடு இருந்தார். தாண்டவராயன் வடக்குப்பட்டில் ஒரு குடோனுக்கு ராத்திரி வாட்ச்மேன் ஆனார். மகள் ஜோதி தண்டலத்தில் நர்சிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்பு ஓடியதே அப்பாவின் ராத்திரி விழிப்பில்தான். ஆகவே பகலில் அவர் தூங்கியாக வேண்டும்.

ஜெபதாஸுக்கும் ஒரு நியாயம் இருந்தது. வேலையில் இருந்தவரைக்கும், ஷிப்டு முடிந்து வந்து படம் பார்க்க உட்கார்ந்தால் இடைவேளைக்குள் கண் சொருகிவிடும். அப்படித் தூங்காத நாளில் அடுத்த ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும். ஆக, சினிமாவுக்கு இரண்டாம் பாதி என்று ஒன்று உண்டு என்பது அவருக்கு வெறும் கேள்வி ஞானம். இனிமேலாவது அதைப் பார்த்துவிட வேண்டும். பெரிதாக, வீடு அதிர, பார்க்க வேண்டும்.

மனைவி அந்தோணிமேரி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஹால் ஹாலாகவே இருக்க வேண்டும்.

படப்பையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சக்திகுமார் கெட்டிக்காரன். ஏதோ கம்பெனி ஏலத்தில் தூக்கிவந்த சர்வர் பெட்டி ஒன்றைத் துடைத்து, பார்ட்ஸ் மாற்றி, ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர் ஆக்கிவிட்டான். “அங்கிள், இதை வெச்சு வூட்டுல இல்ல, ஊருக்கே படம் காட்டலாம்” என்று சொல்லி, இரண்டு ஆளைப் பிடித்து, பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினான். பிடிக்காவிட்டால் அதே விலைக்கு வேறு பெட்டி மாற்றித் தருவதாகவும் வாக்குக் கொடுத்தான்.

மறுநாள் காலையில் ஜெபதாஸ் சிலுவை போட்டுக்கொண்டு பட்டனை அழுத்தினார்.

முதலில் ஒரு முனகல். அப்புறம் ஓர் உறுமல். அப்புறம் சுவரிலிருந்த காலண்டர் தானாகவே நவம்பரிலிருந்து டிசம்பருக்குப் போயிற்று. தெருவில் படுத்திருந்த நாய், கம்பெனி பஸ் வருவதாக எண்ணி ஓரமாக ஒதுங்கி நின்றது. மாடிப் புறாக்கள் அன்றைக்கே படப்பைக்குக் குடிபோய்விட்டன, இன்றுவரை திரும்பவில்லை. ஜெபதாஸுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. பிரஸ் ஷாப்பில் ஊறின காதுக்கு அது கொசு. இரண்டு நாள் காலையிலிருந்து மாலை வரை பெட்டியை ஓட்டினார். அந்தோணிமேரி காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சைகையில் குடும்பம் நடத்தினார்.

அந்த இரண்டு நாளும் தாண்டவராயன் டீக்கடைப் பக்கம் தலைகாட்டவில்லை. ‘வயித்தெரிச்சல்’ என்று ஜெபதாஸ் மகிழ்ந்தார்.

அப்போதுதான் தாண்டவராயன் மனைவி பாஞ்சாலி வந்து நின்றாள்.

“அண்ணே, உங்களுக்கே நல்லா கீதா? ரெண்டு நாளும் அவரு டூட்டிக்கு லேட்டு. தலைமாட்டுல அலாரம் அடிச்சது கூட காதுல வுழல. அந்த சூப்பர்வைசர் வேல்ராஜு, இப்பிடியே போனா வேற ஆளைப் பாத்துக்கறேன்னுட்டாரு.”

ஜெபதாஸின் மகிழ்ச்சி அப்படியே இறங்கியது. ஜோதியைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். தன் வீட்டு ஃபேனில் அந்தப் பெண்ணின் படிப்பு பறப்பதா?

“தாண்டவம் இன்னாதான் சொல்றான்?”

“இன்னா சொல்லுவாரு. ‘எல்லாம் அந்தப் பொட்டிதான்’னாரு. சொல்லிட்டு இந்தச் சொவுத்தைப் பாக்கத் திரும்பிப் படுத்துக்கினாரு.”

“நாளைக்கு சத்தம் வராது. இது ஜெபதாஸு வாக்கு” என்றார்.

பழைய சோபாவைக் கிழித்து, உள்ளே இருந்த ஸ்பாஞ்சையெல்லாம் எடுத்துப் பெட்டிக்கு ஸ்வெட்டர் போட்டார். உறுமல் பாதியாகக் குறைந்தது. ஆனால் பெட்டிக்கு வேர்த்துவிட்டது. திரையில் ‘இடைவேளை’ என்ற எழுத்து வந்ததும் வராததுமாக மூச்சடைத்து நின்றுபோயிற்று. ஆறவைத்துப் போட்டார். மறுபடியும் சரியாக இடைவேளையில் நின்றது. பெட்டிக்கும் ஷிப்டு முடிந்ததுபோல.

மறுநாள் பாஞ்சாலி வந்தாள். நேற்றுப் பகல் முழுக்க தாண்டவராயன் கொதிக்கிற எண்ணெயில் போட்ட பூரி மாதிரி புரண்டாராம். ராத்திரி டூட்டியில் நாற்காலியிலேயே கண் அசந்துவிட, வேல்ராஜ் அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டானாம். எல்லாம் அந்தப் பெட்டியால்தான் என்று அவர் திரும்பவும் சொன்னாராம்.

ஜெபதாஸ் தாடையைத் தடவினார். அவருக்கு எதற்கும் விளக்கம் உண்டு.

“முழுச் சத்தம்னா பழகிடும்மா. அரைச் சத்தம்தான் கொசு மாதிரி காதுக்குள்ள பூந்துக்கினு படுத்தும். இரு, அதை கால் சத்தம் ஆக்கறேன்.”

“நீங்க போய் அவரையே ஒரு வார்த்தை கேட்டா இன்னாங்க?” என்றார் அந்தோணிமேரி.

“நான் போயா? கெஞ்சுவான்னு ஊரு பூரா சொல்லிட்டு, நானே போய் அவன் வாசல்ல நிக்கச் சொல்றியா?”

பெட்டி பீரோவுக்குள் போயிற்று. வேளாங்கண்ணிக்கு உடுத்திப்போகிற பட்டுப்புடவைக்கும் கல்யாணப் புடவைக்கும் நடுவே அதை உட்கார வைத்து, பின்பக்கம் ஓட்டை போட்டு வயரை இழுத்தார். சத்தம் இப்போது பக்கத்துத் தெருவில் மாவு அரைப்பது போல் இருந்தது. ஆனால் இரும்புக் கதவுக்குள்ளே வயரில்லாத கீபோர்டின் சிக்னல் போகவில்லை. ஆகவே படத்தை நிறுத்த, ஓட்ட, சத்தம் கூட்ட, ஒவ்வொரு முறையும் யாராவது ஓடிப்போய் பீரோவைத் திறக்க வேண்டும். அந்த யாராவது அந்தோணிமேரி. திறந்தபோதெல்லாம் உள்ளேயிருந்து இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி வந்தது. புடவைகள் இஸ்திரி போட்டதைவிடச் சூடாக வெளியே வந்தன. பட்டுப்புடவை ஜரிகையில் விரலைச் சுட்டுக்கொண்டு அவர் கணவரைப் பார்த்த பார்வையில் இன்னும் கொஞ்சம் வெப்பம் இருந்தது. படம் இடைவேளையில் நின்றது.

இந்த முறை பாஞ்சாலி வீட்டுக்குள்ளேயே வரவில்லை. வாசலில் நின்றபடி, அவர் ஒரு பொட்டுக்கூடக் கண் மூடவில்லை என்றும், இன்னொரு தரம் டூட்டியில் அசந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொல்லிவிட்டார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே மதில்மேல் போய்வந்துகொண்டிருந்த குழம்புக் கிண்ணமும் அன்றோடு நின்றது. கடைசியாகப் போன கருவாட்டுக் குழம்புக் கிண்ணம் கழுவாமலே திரும்பி வந்ததை அந்தோணிமேரி ஒரு வாரத்துக்கு மறக்கவில்லை.

ஜெபதாஸ் அசருகிற ஆளா? நூறு டன் பிரஸ்ஸையே அதட்டி வேலை வாங்கியவர். பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு படப்பைக்கே போய்விட்டார்.

“ஒரு ஈ பறந்தா கேக்கணும். ஆனா பொட்டி ஓடறது கேக்கக் கூடாது. அந்த மாதிரி ஏதாச்சும் வெச்சிருக்கியா?”

சக்திகுமார் அலமாரியிலிருந்து டிபன் டப்பா அளவில் ஒன்றை எடுத்தான். ஃபேனே கிடையாது, சூடு தானாகவே மேலோடு வழியாகப் போய்விடும், சத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றான். பழைய பெட்டியை வாங்கி, கடையின் மூலையில் தள்ளினான்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜெபதாஸ் புதுப்பெட்டியைப் போட்டார். பட்டனை அழுத்தினோமா இல்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. அப்படி ஒரு நிசப்தம். அடுக்களையில் அந்தோணிமேரி வெண்டைக்காய் நறுக்குவது கேட்டது. வெளியே புளியமரத்தில் ஓர் இலை உதிர்ந்தது கேட்டது என்று பிற்பாடு ஜெபதாஸ் சத்தியம் செய்தார். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் தாண்டவராயன் இந்தப் புறம் புரள்வதும், அந்தப் புறம் புரள்வதும், பெருமூச்சு விடுவதும்கூடக் கேட்டது. ‘பாவம், புழுக்கம் போல’ என்று ஜெபதாஸ் சத்தத்தை இன்னும் குறைத்து வைத்தார்.

இடைவேளை வந்தது. போயிற்று. பெட்டி நிற்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஜெபதாஸின் கண்முன்னே ஒரு படத்தின் இரண்டாம் பாதி விரிந்தது. அவருக்குப் புல்லரித்தது. செத்துப்போனதாக நினைத்த கதாநாயகன், மீசை வைத்துக்கொண்டு ரயிலிலிருந்து இறங்கினான்.

கதவு தட்டப்பட்டது.

வாசலில் தாண்டவராயன் நின்றார். கண்கள் கோவைப்பழம். லுங்கி ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கக்கத்தில் தலையணை. அவருக்குப் பின்னால் பாஞ்சாலி, ‘நான் சொன்னா கேக்கல’ என்ற முகத்தோடு.

ஜெபதாஸ் நெஞ்சை நிமிர்த்தினார்.

“வா. உள்ள வந்து நல்லா காது குடுத்துக் கேளு. ஏதாச்சும் கேக்குதா?”

தாண்டவராயன் உள்ளே வந்தார். ஹாலைச் சுற்றிப் பார்த்தார். நேராகப் போய் பீரோவைத் திறந்து புடவைகளுக்கு நடுவே பார்த்தார். குனிந்து கட்டிலுக்கு அடியிலும் பார்த்தார்.

“எங்க அது?”

“எது?”

“அந்தப் பெரிய பொட்டி.”

“திருப்பிக் குடுத்துட்டேன்யா. படப்பைல போட்டுட்டு வந்துட்டேன். எல்லாம் உன் தூக்கத்துக்கோசரம்தான்.”

தாண்டவராயன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தை ஜெபதாஸ் ஒரே ஒரு தரம்தான் பார்த்திருக்கிறார். ரிட்டயர் ஆன அன்று, தன் மிஷினைக் கடைசியாக ஆஃப் பண்ணிவிட்டு அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றபோது.

அந்தோணிமேரி வந்து படத்தை நிறுத்தினார். ரயிலிலிருந்து இறங்கியவன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். வீட்டில் இப்போது ஓர் ஓசையும் இல்லை. தாண்டவராயன் தலையணையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டார். பாஞ்சாலியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் ஜெபதாஸை மட்டும் பார்க்காமல் சொன்னார்:

“ஜெபம், நீ டீக்கடைல சொன்னது நடந்துடுச்சி, கெஞ்சறேன்னே வெச்சுக்கோ. போய் அந்தப் பழைய பொட்டியை எடுத்தாந்து போடுப்பா. பிரஸ் ஷாப்பை வுட்டு வந்த நாளா, அலாரம் கூட கேக்காம நான் அசந்து தூங்கனது, அது கத்துன அந்த ரெண்டு நாளுதான்.”