முத்திரையில் உதித்த சூரியன்

அன்றைக்கு என் வேலை ஒன்றே ஒன்று. கடலூரில் பேனர் அடித்து, சிதம்பரத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

எங்கள் எம்.ஏ. தமிழ் வகுப்பு நாற்பது வருஷம் கழித்துக் கூடுகிறது. பேனரில் பல்கலைக்கழக முத்திரை. அதன் பொருளை விளக்க எனக்கு ஐந்து நிமிஷம். படித்து முடித்து அடுப்படிக்குப் போனவள் நான். 'இவளும் படித்தவள்தான்' என்று காட்ட அந்த ஐந்து நிமிஷம்தான் இருந்தது.

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"நெட்ல இருக்குறது சின்னதும்மா. பெருசு பண்ணா கட்டங்கட்டமா ஒடையும். சர்ட்டிபிகேட் இருந்தா குடுங்க, ஸ்கேன் பண்ணிடலாம்."

லேமினேட் செய்த பட்டத்தைக் கொடுத்தேன்.

"ஒங்க போட்டோவும் பெருசா போட்ரட்டா?"

"வேணாம்பா. கண்ணீர் அஞ்சலின்னு மாலையோட வந்துடுவாங்க."

சிரித்துவிட்டுத் திரையைக் காட்டினார். விளக்கு, ஏடு. இரண்டுக்கும் மேலே ஒரு சிவப்பு வட்டம், சுற்றிலும் மஞ்சள்.

"இந்தச் செவப்பு இருக்கட்டுமாம்மா? எடுத்துரட்டா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"முத்திரையில கை வெக்காதீங்க! ஒவ்வொரு கோட்டுக்கும் அர்த்தம் இருக்குது!"

"அப்போ நல்லா பளிச்சுனு பண்ணிடறேன்" என்றார் பயந்துபோய்.

பண்ணினார். எட்டடி பேனரில் அது தகதகவென்று எரிந்தது.

சிதம்பரம் பஸ்ஸில் பேனர் சுருளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் யோசித்தேன். இப்படி ஒரு சூரியன் இருந்ததே, மறந்துபோனேனே! ஆலப்பாக்கம் தாண்டும்போது மேடையில் சொல்ல ஒரு வரியே வந்துவிட்டது.

மேடையேறினேன்.

"விளக்கு, இரவெல்லாம் படித்தவர்களின் உழைப்பு. ஏடு, அவர்கள் படித்தது. மேலே ஞாயிறு. விளக்கு அணையும் இடத்தில்தான் விடியல் தொடங்குகிறது!"

கைதட்டல் அடங்கவே இல்லை. இப்போதைய துறைத்தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். "இந்த விளக்கம் எங்கேயும் படிச்சதில்லைம்மா. எழுதிக் குடுங்க, வெப்சைட்ல போட்ருவோம்."

அங்கேயே இறங்கியிருக்கலாம். "இன்னும் சொல்லலாம்" என்று மைக்கைப் பிடித்துக்கொண்டேன்.

முன் வரிசையில் ஸ்டெல்லா. விடுதியில் என் அறைத்தோழி. குரூப் போட்டோவுக்காக எல்லோரையும் பட்டத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். பையிலிருந்து தன் பட்டத்தை எடுத்து விரித்தாள். பேனரைப் பார்த்தாள். மறுபடி பட்டத்தைப் பார்த்தாள்.

"ஏண்டி, எனக்கு மட்டும் ஏன் சூரியன் உதிக்கல?"

பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற தாசில்தார் எட்டிப் பார்த்தார். அவரும் எங்கள் வகுப்புதான். "என்னுதுலயும் இல்லியே!"

ஸ்டெல்லா விடவில்லை. மேடையேறி வந்து, பேனரை ஒட்டி நின்று உற்றுப் பார்த்தாள்.

"அடிப்பாவி! இது குங்குமம்டி! அடியில சந்தனம். பாரு, வெரல் ரேகைகூடத் தெரியுது!"

தெரிந்தது. எட்டடி பேனரில் ஒரு மோதிர விரலின் ரேகை. என்னுடையது.

கல்யாணமாகி வந்த முதல் சரஸ்வதி பூஜையில், புத்தகங்களோடு பட்டத்தையும் வைத்து நானே இட்ட பொட்டு. 'பத்திரமா இருக்கட்டும்' என்று வீட்டுக்காரர் பிற்பாடு பொட்டோடு சேர்த்து லேமினேட் செய்துவிட்டார்.

அரங்கமே சிரித்தது. துறைத்தலைவர் மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "அப்போ வெப்சைட்ல போட வேணாமாம்மா?"

நாற்பது வருஷத்தில் என் பட்டம் ஒரு நாள்கூட வேலைக்குப் போனதில்லை. பூஜைக்கு மட்டும் ஒழுங்காகப் போயிருக்கிறது.