பிக்கப் சேர் வாசித்த கல்யாணம்

கிட்டாரை வாசிக்காமலேயே கிட்டாருக்காக இவ்வளவு பாடுபட்ட மனிதர் இந்த மலைநாட்டில் ‘பிக்கப் சேர்’ என்று நாங்கள் அழைத்த ஆசிரியர் ஒருவர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து டிக்கோயாவிலுள்ள எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கணிதம் படிப்பிக்க வந்தவர். ஆசிரியர் விடுதியில் என் அறைக்கு அடுத்த அறை. கிட்டாரின் சத்தத்தைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் சின்னக் கருவிதான் பிக்கப். அதைத் தெரிவு செய்வதில் அவர் காட்டிய கவனத்தை நான் பெண் பார்ப்பதில்கூடக் காட்டவில்லை.

என் கல்யாணத்தில் வாசிப்பதாக அவராகவே வாக்குக் கொடுத்தார்.

“ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டுங்களேன் சேர்.”

“பொறும் தம்பி. முதல்ல சத்தம் சரிவரட்டும். வாசிப்பு பிறகு.”

முதலில், கிட்டாரின் பலகையில் ஒட்டுகிற பிக்கப் வந்தது. மகா நுணுக்கமான சாமான். அவர் சட்டைப் பொத்தான் உரசுவதும், வயிறு உறுமுவதும் துல்லியமாகக் கேட்டன. தந்திகளைத்தான் அது அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

அடுத்து, துவாரத்தில் மாட்டுகிற காந்தப் பிக்கப். ஒரு வாரம் மீட்டினார். ஸ்பீக்கர் மௌன விரதம்.

“கண்டுபிடிச்சிட்டன்! காந்தம் இரும்புத் தந்தியைத்தான் பிடிக்கும். என்ரை நைலோன்!” என்று ஓடி வந்தார். அந்தக் கண்டுபிடிப்பு பெட்டியிலேயே அச்சடித்திருந்தது.

பிறகு, தந்திகள் பதிந்திருக்கும் கட்டைக்கு அடியில் வைப்பது.

“வாத்து கத்துற மாதிரி இருக்குங்க சேர்.”

“வாத்தெண்டாலும், தெளிவான வாத்து.”

இதற்கிடையில் பெண்ணின் மாமா என்னைத் தனியே அழைத்தார். “மாப்ள, ஒங்க சேருகிட்ட பிக்கப் இருக்காமே? வாடக கதிரையெல்லாம் அதுல ஏத்திட்டு வந்துரலாமா?”

கல்யாணம் ஹட்டனில். அன்றைக்கு சேர் கொண்டுவந்தது, கட்டைக்கு அடியில் வைக்கும் பிக்கப்பும் கிட்டாருக்குள்ளே ஒரு குட்டி மைக்கும் சேர்ந்த ஜோடி. உண்மையைச் சொல்ல வேண்டும்: சத்தம் கண்ணாடி மாதிரி இருந்தது. வினையே அதுதான். அவர் ஒரு பாட்டு வாசிப்பதை அன்றுதான் நாங்கள் முதன்முதலாகக் கேட்டோம். ஒவ்வொரு பிழையும் கடைசி வரிசை வரைக்கும் பழுதில்லாமல் போய்ச் சேர்ந்தது.

“இன்னும் சுருதிதான் சேக்கிறாரா?” என்றார் மாமா.

பாட்டு முடிந்ததும் சேர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மணவறைப் பக்கம் குனிந்தார். “சத்தம் எப்பிடி?”

“சத்தத்துல ஒரு கொறையும் இல்லீங்க சேர்.”

பக்கத்தில் என் மனைவி. றொசல்லயில் வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து அழுது அழுது முகமே வீங்கியிருந்தவள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சேர் நான் சொன்னதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குத் தயாரானார். அவர் நிறுத்திவிடக் கூடாதே என்று நான்தான் முதலில் கை தட்டினேன்.